ஏழாம் ஜாடி

ஜாடியின் மூடியை அரைச்சுற்று தளர்த்தியே வைக்க வேண்டும். சேற்று எரிமலையை ஆராயும் அந்தக் கூடத்தில் விதிகள் மொத்தமே நாலைந்துதான், அதில் இது முதலாவது. அந்த எரிமலை நெருப்பைக் கக்காது. பூமிக்கடியிலிருந்து சேற்றையும் வாயுவையும்தான் கக்கும். அள்ளி வந்து ஜாடியில் அடைத்த பிறகும் அந்தச் சேறு உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் சல்லடைக்குத் தெரியும். சேற்றை அலசிச் சலிப்பதுதான் வேலை என்பதால் அவருக்கு அந்தப் பெயர். தெரிந்தும் ஏழாம் ஜாடியை இறுக்கி மூடினார். அழுகல் நாற்றம் ஃபிரிட்ஜில் பக்கத்திலிருந்த தன் சாப்பாட்டு டப்பாவில் ஏறிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

நான்கு நாள் கழித்து, மதியம், ஃபிரிட்ஜைத் திறந்ததும் ஜாடி வெடித்தது. அவர் வாய் வழக்கம்போல் யாரையோ கிண்டலடிக்கத் திறந்திருந்தது. துப்புவதற்குள் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது.

உப்பு. மண்ணெண்ணெய். கூமுட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், திரிந்த பாலின் தித்திப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் நான்கு நாள் ஃபிரிட்ஜில் கிடந்த சேறு வெதுவெதுப்பாக இருந்தது.

சத்தம் கேட்டு மேடம் ஓடி வந்தார். ஆய்வுக்கூடத்தின் தலைவி, இருபது வருடமாகச் சேற்றோடு குடித்தனம் நடத்துபவர்.

"உள்ள போச்சா?"

"ஃபிரிட்ஜுக்குள்ளயா மேடம்?"

"உங்களுக்குள்ள."

"நான் எதையும் வீணாக்க மாட்டேனே மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. இந்த மாதிரி அசட்டு ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவர்.

"இது எந்த ஊத்துல எடுத்தது மேடம்? லேபிள்ல ஒண்ணுமே எழுதலையே?"

"வழிச்செடுத்து அலசுங்க. கையுறை போட்டுக்கோங்க."

"இல்ல, எங்க எடுத்த..."

"அப்புறம் பேசலாம்."

அலசினார். குழாய்த் தண்ணீர் பட்டதும் சாம்பல்நிறச் சேறு கரையாமல், ஆறிய கஞ்சியின் ஆடைபோல் சுருங்கிச் சுருங்கி விலகியது. விலகிய இடத்தில் எண்ணெய்ப் படலம் மின்னியது. கையுறையின் விரலிடுக்கில் அது ஒட்டிய விதம், ஒட்டியதாக இல்லை, பிடித்துக்கொண்டதாக இருந்தது. சல்லடையில் வழக்கமாகக் கல்துகள் மிஞ்சும், கிளிஞ்சல் மிஞ்சும். இன்று ஒரு கடைவாய்ப்பல் மிஞ்சியது. சொத்தையை அடைத்த பல்.

வாந்தி எடுக்கப் பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து பார்த்தார். ஏப்பம் மட்டுமே வந்தது.

மாலையில் வீட்டுக்குள் காலடி வைத்ததும் அடுத்த ஏப்பம்.

"என்னங்க இது, சாக்கடையத் திறந்த மாதிரி!" என்று மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "போய் முதல்ல பல்ல வெளக்குங்க!"

கட்டிக்கொள்ள ஓடிவந்த மகளை அவர் கை நீட்டி எட்டவே நிறுத்தினார். ஆறு வயதுக்கு அது புது விளையாட்டு. பிசாசு அப்பா, பிசாசு அப்பா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். பிசாசுபோலவே உறுமிக் காட்டினார். தட்டிலிருந்த பிஸ்கட்டைப் பாதி கடித்து, இறங்காமல், அப்படியே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார்.

பல் துலக்கினார். நுரை சாம்பல் நிறத்தில் வந்தது. கொப்பளித்தார். இன்னும் சாம்பல். நாக்கை வழித்தார். நாக்கு வழிந்து வந்தது, கொழகொழவென்று, வலியே இல்லாமல், நுனி மட்டும். வாஷ் பேசினில் அது படுத்துக்கிடந்தது. அதன் நடுவில் ஒரு குமிழி. உப்பியது. உடைந்தது. மறுபடி உப்பியது.

வெளியே வந்தார். தட்டில் பிஸ்கட் இல்லை. மகளின் உதட்டோரம் துகள்.

போனை எடுத்தார். விரல் வழுக்கியது.

"மேடம். என் பொண்ணு. நான் கடிச்சத. தின்னுட்டா."

போனைக் காதோடு அழுத்தினார்.

"ஒண்ணும் ஆகாதுல்ல? சொல்லுங்க மேடம். அந்தச் சேறு எங்க எடுத்தது?"

"முதல்ல நீங்க உக்காருங்க..."

"எங்க எடுத்தது?"

பின்னால் சின்னதாக ஓர் ஏப்பம். கூடவே சிரிப்பு. "அப்பா, எனக்கும் வருது!"

கூமுட்டை நாற்றம்.

"எந்த ஊத்துலயும் எடுக்கல," என்றார் மேடம். "உங்க வேலைய உங்களுக்கு முன்னாடி செஞ்சவர். எரிமலைச் சேத்துல ஒரு சொட்டுதான் முழுங்கினார். ஏழு ஜாடியும் அவர்தான்."