வால் முளைத்த கடிகாரம்

எங்கள் கட்டடத்தில் எட்டு மாடி, மாடிக்கு ஒரு வீடு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு துணி துவைக்கும் இயந்திரம். அது கீழ்த்தளத்தில் ஓர் அறையில் இருக்கிறது. அந்த அறையின் கதவில் பத்துச் சட்டங்கள் ஒட்டியிருக்கும்.

சட்டம் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் சொல்லாத சட்டத்தோடுதான் எனக்குச் சண்டை. "ஏன்?" என்று கேட்காமல் நான் பல்கூடத் தேய்த்ததில்லை என்பார் அப்பா. அதனால் பத்து வயதிலேயே எனக்கு 'வக்கீல்' என்ற பட்டப்பெயர் கிடைத்துவிட்டது.

சட்டங்களை எழுதியவர் சாவி மாமா. அவர்தான் கட்டடத்தின் செயலாளர். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். அவர் வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். துவைக்கும் அறைக்கு வீட்டுக்கொரு சாவி கொடுத்திருக்கிறார். நமக்கு வேண்டிய நேரத்தைக் கதவில் உள்ள அட்டவணையில் எழுத வேண்டும். எழுதிவிட்டு வராவிட்டால் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலை எட்டு மணி எங்கள் நேரம். அன்று அப்பாவும் நானும் கூடையோடு போனபோது ஏழாம் மாடிக்காரர்கள் அங்கே இருந்தார்கள். கடல் தாண்டி வேறு நாட்டிலிருந்து புதிதாக வந்த குடும்பம். அம்மா துணிகளை இயந்திரத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுப் பெண் ஒருத்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க நேரம்மா," என்றார் அப்பா.

"எங்க நேரம்தாங்க. எழுதியிருக்கேனே," என்றார் அந்த அம்மா.

அப்பா கூடையை இயந்திரத்தின் மேல் டொக்கென்று வைத்தார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு துணிகளை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பெண் போகும்போது என்னை முறைத்தாள். நானும் சளைக்காமல் முறைத்தேன்.

அப்பா அட்டவணையைப் பார்த்தார். "எழுதினது ரெண்டு மணி, வந்தது எட்டு மணி. இப்படியும் இருப்பாங்களா?"

மதியம் இரண்டு மணிக்கு இயந்திரம் சும்மா கிடந்தது. சாவி மாமா இரண்டாவது சிவப்புக் குறியைப் போட்டார். முதல் குறி போன வாரமே விழுந்திருந்தது.

நான் அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் அப்பாவின் காலுறைகளில் ஒன்றைக் காணவில்லை.

"அவங்க அள்ளிட்டுப் போன துணியோட போயிருக்கும். நீதான் வக்கீலாச்சே, போய் வாதாடி வாங்கிட்டு வா," என்றார் அப்பா. புதன்கிழமை மாலை ஏழாம் மாடிக்கு ஏறினேன்.

முறைத்தவள்தான் கதவைத் திறந்தாள். அவள் கையில் ஓர் அட்டை இருந்தது. உள்ளே நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைக் கோட்டு தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் காலுறையை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கோட்டுக்கு விசிற ஆரம்பித்தாள்.

"விசிறினா காயுமா?" என்று கேட்டேன்.

"காயணும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சமையலறையில வேலை. இருக்கிறது இந்த ஒரு கோட்டுதான். ஈரத்தோட போனா உள்ள விட மாட்டாங்க. நேத்து வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா வேலை போயிடும்."

"இயந்திரத்துல போட்டா காயவச்சே குடுக்குமே."

"போட விட்டாத்தானே? அன்னைக்கு உங்கப்பா துரத்தினாரு. இன்னைக்குக் காலைல நாலாம் மாடி டீச்சர் துரத்தினாங்க. நாங்க எழுதின நேரத்துக்குச் சரியாத்தான் வர்றோம்."

எனக்குச் சுருக்கென்றது. பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அங்கிருந்த கடிகாரம் பத்து மணி காட்டியது. என் கைக்கடிகாரத்தில் நான்கு.

"உங்க கடிகாரம் கெட்டுப்போச்சு," என்றேன்.

"உன்னுதுதான் கெட்டுப்போச்சு. கீழ அறையில இருக்கிறதும் அப்படித்தான். பாவம், யாருமே சரி பண்ணலையேன்னு அம்மா வருத்தப்பட்டாங்க."

"இப்ப மணி நாலு."

"நாலு மணி காலைலயே முடிஞ்சுபோச்சே. சூரியன் வந்து பத்து மணி நேரம் ஆச்சு. அதனால மணி பத்து. எங்க ஊர்ல சூரியன் வருஷம் பூரா ஒரே நேரத்துக்குத்தான் வரும். வந்ததும் எண்ண ஆரம்பிப்போம். மறைஞ்சதும் மறுபடி ஒண்ணுலேருந்து."

"நாங்க நடுராத்திரியிலேருந்து எண்ணுவோம்."

அவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். "நடுராத்திரியிலயா? எல்லாரும் தூங்கிட்டு இருக்கும்போதா? ஏன்?"

ஊரையே 'ஏன்' கேட்டவளிடமே ஒரு 'ஏன்'! அப்புறம் விரல் விட்டு எண்ணினேன். அவர்களுடைய இரண்டு மணி, எங்களுடைய காலை எட்டு மணி. ஒரு நாள்கூட அவர்கள் தவறவில்லை.

அதற்குள் வாசலில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"இன்னைக்கும் ரெண்டு மணிக்கு எழுதிட்டு வரலை. மூணாவது குறி," என்றார் சாவி மாமா. "சாவியைக் குடுத்துடுங்க."

சமையலறையிலிருந்து வந்த அந்த அம்மா ஈரக் கோட்டை ஒரு முறை பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த சாவியை நோக்கிக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு எடுத்துவிட்டேன்.

"வக்கீல், உனக்கு இங்க என்ன வேலை?"

"காலுறை வாங்க வந்தேன் மாமா. இப்ப கேஸ் நடத்துறேன்."

"சாவியைக் குடு."

"தர மாட்டேன்."

நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாமா நெற்றியைச் சுருக்கினார்.

"இந்தக் கட்டடத்துல ஒரே நேரம்தான். நம்ம நேரம். நாள் நடுராத்திரிதான் ஆரம்பிக்குது."

"நேத்து ராத்திரி அது ஆரம்பிச்சப்ப நீங்க பாத்தீங்களா?"

"தூங்கிட்டிருந்தேன்."

"சூரியன் வந்தப்ப?"

"பல் தேய்ச்சுட்டிருந்தேன்."

"அப்ப உங்க நாளும் அவங்க நாள் மாதிரிதான் மாமா ஆரம்பிச்சிருக்கு."

ஏழாம் மாடிப் பெண் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

"அதுக்காக? ரெண்டு கடிகாரம் மாட்டினா ஆளாளுக்கு ஒண்ணைப் பாத்துட்டு வந்து நிப்பாங்க. தினமும் சண்டைதான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். "கீழ வாங்க, காட்டுறேன்," என்று கிளம்பிவிட்டேன். எதைக் காட்டுவது என்று சத்தியமாக எனக்கே தெரியாது.

மூவரும் என் பின்னாலேயே இறங்கி வந்தார்கள். கீழே அறைக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தேன். சின்ன முள் நான்கைத் தாண்டி நின்றது. முள்ளின் பின்பக்கம் குட்டியாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அது நேர் எதிரே பத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

சட்டத் தாளின் ஓரத்தைக் கிழித்தேன்.

"கிழிக்காதே," என்றார் மாமா. அதற்குள் கிழித்தாகிவிட்டது.

ஏழாம் மாடிப் பெண் மாமாவின் சிவப்புப் பேனாவை மரியாதையாகக் கேட்டு வாங்கி, அந்தத் துண்டுக்கு வண்ணம் தீட்டினாள்.

"கட்டடத்துக் கடிகாரத்துலயா கை வைக்கப்போறே?"

"ஆமா மாமா," என்று முக்காலியில் ஏறினேன். கடிகாரத்தை இறக்கி மூடியைக் கழற்றினேன். ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. என் முழங்காலில் இருந்த பிளாஸ்திரியைப் பிய்த்து, சிவப்புத் துண்டைச் சின்ன முள்ளின் பின்னால் ஒட்டினேன்.

"முள்ளோட மூக்கு நம்ம மணி. வால் அவங்க மணி. ஒரே கடிகாரம்தான் மாமா."

ஏழாம் மாடிப் பெண் படியேறி ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "எங்க வீட்டுல பத்தேகால்."

மூக்கு நான்கைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, வால் பத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. பெரிய முள் மூன்றில் நின்றது. நாலேகால், பத்தேகால்.

அவள் அம்மா கடிகாரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வால் ரெண்டுல இருக்கும்போது மூக்கு எட்டுல இருக்கும். அப்ப நான் எட்டுன்னு எழுதியிருக்கணும்," என்றார் மெதுவாக.

"சனிக்கிழமை எட்டை நீங்களே வச்சுக்குங்க ஆன்ட்டி. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாமா வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வாரம் பாக்கலாம்," என்றார் கடைசியில்.

"அதுவரைக்கும் சாவி அவங்ககிட்டதான். இப்ப யாரோட முறையும் இல்லை. கோட்டைப் போடலாமா?"

மாமா குனிந்து இயந்திரத்தின் கதவைத் திறந்துவிட்டார்.

அப்பாதான் வீட்டில் குதித்தார். "என்னைக் கேக்காம எட்டு மணியைத் தூக்கிக் குடுத்துட்டியா?"

"ஒன்பதுன்னா ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம்பா," என்றேன். அந்த வாதத்தில் அப்பா விழுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வேன் வந்து ஹார்ன் அடித்தது. அந்த அம்மா காய்ந்த கோட்டோடு ஏறிப் போனார். அன்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த வாரம் துவைக்கும் அறைக் கதவில் புது அட்டவணை இருந்தது. அதில் ஒரு சிவப்புக் குறிகூட இல்லை. பக்கத்தில் சட்டத் தாளும் புதிது. பத்துச் சட்டங்களுக்குக் கீழே கொட்டை எழுத்தில் பதினொன்றாவது ஒன்று சேர்ந்திருந்தது.

'கடிகாரத்தின் வாலில் யாரும் கை வைக்கக் கூடாது.'

மாமா அதற்குக் காரணம் எதுவும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.