மல்லாந்து செய்த பக்கம்

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எல்லாரும் அவளை ஜெட் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவாள். பதில் சரியா தப்பா என்பது வேறு விஷயம். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் கிடையாது.

அவளுடைய உயிர்த்தோழிக்குத் தவளை என்று பெயர். இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வீடு. ஜெட் கீழே, தவளை மாடியில். படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவது தவளைக்குப் பிடிக்காது. கடைசிப் படிகளை எப்போதும் ஒரே தாவாகத் தாவிவிடுவாள். ஒரு நாள் வழக்கத்தைவிட இரண்டு படிகள் கூடுதலாகத் தாவினாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

இப்போது தவளைக்கு இடுப்பிலிருந்து கால்விரல் வரை மாவுக்கட்டு. மல்லாந்துதான் படுத்திருக்க வேண்டும். எழுந்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பள்ளியில் அந்த வருஷம் முடியப்போகிற நேரம். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பெரிய ஸ்கிராப் புக் செய்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். இந்த வருஷம் பார்த்தது, சேர்த்தது, பிடித்தது எல்லாவற்றையும் அதில் வரையலாம், ஒட்டலாம். வெள்ளிக்கிழமை எல்லாப் பக்கங்களையும் சேர்த்துத் தைத்து நூலகத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் வரும் பிள்ளைகள் புரட்டிப் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை டீச்சர் பக்கங்களை எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது.

"தவளையோடது. பாவம், அவளால முடியாதே" என்றார் டீச்சர். "ஒரு தாள்ல அவ பேரை எழுதி, கீழே 'உடம்பு சரியில்லை'ன்னு போட்டு வெச்சுடலாம்."

ஜெட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருஷம் முழுக்க வகுப்பையே சிரிக்கவைத்தவள் தவளை. அவளுக்கு 'உடம்பு சரியில்லை' என்று ஒற்றை வரியா?

"வேண்டாம் டீச்சர்! நான் செஞ்சு தர்றேன். அரை மணி நேரம் போதும்!"

சொன்னபடியே அன்று சாயங்காலம் அரை மணி நேரத்தில் செய்து முடித்தாள். நடுவில் ஒரு பச்சைத் தவளை. சுற்றிலும் பூக்கள். எல்லாவற்றின் மேலும் ஜிகினாத்தூள். பசை காய்வதற்குள் மாடிக்கு ஓடினாள்.

தவளையின் அம்மா தையல்காரர். முன்னறையில் மெஷினில் உட்கார்ந்து ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். "உள்ளேதான் இருக்கா. பாத்துப் பேசு. ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கா" என்றார்.

ஜெட் உள்ளே போய், தாளைத் தவளையின் முகத்துக்கு மேலே நீட்டினாள். "டீச்சர் உன் பக்கத்துல 'உடம்பு சரியில்லை'ன்னு மட்டும் போடப் பாத்தாங்க, நான் விடலை. எப்படி இருக்கு?"

ஜிகினாத்தூள் உதிர்ந்தது. கொஞ்சம் தவளையின் கண்ணில், கொஞ்சம் மூக்கில். அவள் தும்மினாள். தும்மியதும் கால் வலித்தது. "ஆ!" என்று கத்தினாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கோடி. படம் நல்லாருக்கா இல்லையா? சொல்லு."

தவளை கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். "இது உன் பக்கம். என்னோடது இல்லை."

"உன்னைத்தானேடி வரைஞ்சிருக்கேன்?"

"நான் எப்போ பச்சையா இருந்தேன்?"

ஜெட்டுக்குச் சுருக்கென்றது. "அப்போ நீயே செஞ்சுக்கோ, போ!" என்று சொல்லிவிட்டாள். வாயும் அவளுக்கு வேகம்தான்.

தவளை தலையணைக்குப் பக்கத்தில் இருந்த பேனாவை எடுத்தாள். தாளை ஒரு கையால் தூக்கிப் பிடித்து எழுதத் தொடங்கினாள். இரண்டு எழுத்து விழுந்தது. மூன்றாவது எழுத்து பாதியில் மங்கியது. பிறகு வெறும் கீறல்தான்.

"பாத்தியா? பேனாகூட என்னை மதிக்கலை. நேத்தே முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்." பேனாவைத் தூக்கி எறிந்தாள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. "உடம்பு சரியில்லைன்னே எழுதிக்கச் சொல்லு. நீ போ."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜெட் படியிறங்கினாள். அன்றைக்கு ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினாள். மனசு கனத்திருந்தது. தவளை அழுததை அவள் இதுவரை பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் என்ன செய்துகொண்டிருக்கும் என்று தெரியும்.

வீட்டில் அவளுடைய அண்ணன் கல்லூரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஜெட் அவன் மேசைக்குப் பக்கத்திலேயே தரையில் மல்லாந்து படுத்தாள். ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துப் பேனாவால் எழுதினாள். இரண்டு வார்த்தையில் பேனா நின்றுவிட்டது. கையை நீட்டி அண்ணனின் பேனாவை எடுத்தாள். அதுவும் நின்றுவிட்டது.

"ஏய், அது பரீட்சைக்கு வாங்கினது! தரையில என்ன பண்றே?"

"தவளையா இருந்து பாக்கறேன்."

"அதுக்கு மல்லாந்து படுக்கணுமா?"

"எங்க தவளை அப்படித்தான் இருக்கா."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு புத்தகத்துக்குத் திரும்பினான்.

ஜெட் அடுத்துப் பசைப் புட்டியைத் திறந்தாள். ஒரு சொட்டு நேராக மூக்கின் மேல் விழுந்தது. காகிதத்தை வெட்டினாள். துணுக்குகள் வாய்க்குள் விழுந்தன. இதற்குள் தாளைப் பிடித்திருந்த கை நடுங்கத் தொடங்கிவிட்டது. சும்மா படுத்துக்கொண்டு செய்கிற வேலைதானே என்று நினைத்தால், கை விட்டுப்போகிற மாதிரி வலிக்கிறது!

கடைசியாக ஒரு பென்சிலை எடுத்தாள். எழுதினாள். எழுதியது. இன்னும் எழுதினாள். தாளின் அடி வரைக்கும் எழுதியது. பென்சிலுக்கு மேலும் கீழும் ஒன்றுதான் போலிருக்கிறது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று துள்ளி எழுந்தாள். மேசையின் விளிம்பில் தலை இடித்தது. அண்ணன் சிரித்ததை அவள் கண்டுகொள்ளவில்லை.

பென்சில் வீட்டில் இருந்தது. சொட்டாத பசைக்குப் பதிலாக ஒட்டும் டேப்பும் இருந்தது. தாளை மாட்டப் பரீட்சை அட்டையும் இருந்தது. இனி அந்த அட்டையைத் தவளையின் முகத்துக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு யாரைக் கூப்பிடுவது என்று ஜெட் யோசித்துப் பார்த்தாள். தன்னைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் போனபோதும் தவளை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பென்சில் மேலே பாத்தும் எழுதும்டி. பேனாதான் பிகு பண்ணுது" என்றாள் ஜெட்.

"பொய்."

"எழுதிப் பாரு."

ஜெட் கட்டிலின் தலைமாட்டில் நின்று, அட்டையைக் கவிழ்த்துப் பிடித்தாள். தவளை வேண்டா வெறுப்பாக ஒரு கோடு போட்டாள். கோடு நிற்கவில்லை. இன்னொரு கோடு போட்டாள். பிறகு ஒரு வட்டம். அதற்குப் பிறகு அவள் நிறுத்துவதாகத் தெரியவில்லை.

"என்ன வரையறே?"

"நீ பாக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பாரு."

ஜெட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையின் முதுகுதான். அதில் போன வருஷம் அவளே கிறுக்கிய பதிமூன்றாம் வாய்ப்பாடு இருந்தது. பாதியில் தப்பாகப் போயிருந்தது.

"ஆடாதேடி" என்றாள் தவளை.

"நான் ஆடலை. உங்க வீடு ஆடுது."

"கொஞ்ச நேரம் மூச்சு விடாதே."

"செத்துப்போயிடுவேனே!"

"சரி, மெதுவா விடு."

ஜெட் தன் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றதில்லை. நின்றுகொண்டே இருந்ததால் காதில் என்னென்னவோ விழுந்தது. முன்னறையில் தையல் மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். சமையலறையில் குழாய் சொட்டும். தவளையின் பென்சில் தாளை உரசும். கூரையில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் எந்த அவசரமும் இல்லை.

புதன்கிழமை வகுப்புப் பிள்ளைகள் சிலர் தவளையைப் பார்க்க வந்தார்கள். தவளை ஒவ்வொருவரையும் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். "கொஞ்சம் நிமிரு. இன்னும் கொஞ்சம். சரி, போ" என்றாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நலம் விசாரிக்க டீச்சரும் வந்தார். அவரையும் விடவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா வந்து தலையணையைத் தட்டினார். கூரையிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புச் சில்லு ஒன்று அதில் கிடந்தது.

"அம்மா, தூக்கிப் போடாதே! அது வேணும்."

"இதுவா? குப்பையாச்சே!"

"வேணும்மா. அந்த மாத்திரை அட்டையும் வேணும். கொஞ்சம் நூலும்."

அம்மா ஜெட்டைப் பார்த்தார். ஜெட் தோளைக் குலுக்கினாள். தோளைக் குலுக்கியதில் அட்டை ஆடியது. திட்டு விழுந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆகியும் பக்கம் முடியவில்லை. ஜெட்டின் இரண்டு கைகளும் கெஞ்சின. நாளைக்குக் காலையில் கொடுத்தாக வேண்டும்.

"இன்னும் எவ்வளவுடி இருக்கு?"

"நடுவுல மட்டும்தான்."

"நடுவுல ஒரு பூவைப் போட்டு முடிச்சுடேன்."

"நீ பேசாம இரு. தலையை மேலே தூக்கு."

"தலையா? அட்டையையா?"

"தலையைத்தான்!"

ஜெட் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். கை நடுங்கியது. முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். கீழே வீட்டிலிருந்து அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டான். இதோ வர்றேன் என்று கத்தினால் அட்டை ஆடும். அதனால் கத்தவில்லை. அண்ணன் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, அவள் பங்கையும் எடுத்துவைத்தான்.

"முடிஞ்சுது" என்றாள் தவளை.

அம்மா மீந்த திரைச்சீலைத் துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்தார். பக்கத்தை உள்ளே வைத்து ஊக்கு குத்தியாகிவிட்டது. ஜெட் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். இரவு பக்கத்தில் வைத்துத் தூங்கினாள். காலையில் பள்ளிக்கு எடுத்துப்போனாள். ஊக்கைக் கழற்றவே இல்லை.

வகுப்பில் டீச்சர்தான் உறையைத் திறந்தார்.

மேலே 'படுத்துப் பார்த்தால்' என்று தலைப்பு. ஒரு மூலையில் மின்விசிறி. அதன் இறக்கைகள் மாத்திரை அட்டையின் பளபளப்புத் தகட்டை வெட்டி ஒட்டியவை. இன்னொரு மூலையில் நிஜமான சுண்ணாம்புச் சில்லு. அதற்குக் கீழே, 'இது என் மேல் விழுந்தது' என்று எழுதியிருந்தது. கூரையின் விரிசலுக்கு நூலை நெளித்து ஒட்டியிருந்தாள். சுற்றிலும் மூக்குகள்! கீழேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே, பெரிய பெரிய துவாரங்களோடு.

"இது என் மூக்கு!"

"போடா, அது என்னோடது! உன்னோடது இதோ, கோணலா இருக்கு பாரு!"

"டீச்சர், இது நீங்க! கண்ணாடி தெரியுது!"

டீச்சர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சத்தம்போட்டுச் சிரித்தார். தவளை வராமல் நின்ற நாளிலிருந்து அந்த வகுப்பு இப்படிச் சிரித்ததில்லை.

"அது சரி, நடுவுல இருக்கிறது யாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

பக்கத்தின் நடுவில், எல்லா மூக்குகளையும்விடப் பெரிதாக ஒரு தாடை. அதன் அடியில் ஒரு மச்சம்.

"நான் இல்லை. எனக்கு மச்சமே கிடையாது" என்றாள் ஜெட்.

"தலையைத் தூக்குடி!"

ஜெட் தூக்கினாள். வகுப்பு மொத்தமும் குனிந்து பார்த்தது. தாடைக்கு அடியில், கண்ணாடியில் பார்த்தாலும் சட்டென்று கண்ணில் படாத இடத்தில், ஒரு மச்சம் இருந்தது. பிறந்ததிலிருந்து அவளோடுதான் இருந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

பக்கத்தின் மேல் ஓரத்தில் பல்லி. அதற்குப் பக்கத்தில், 'இது எப்போதாவது நகரும்' என்று பென்சிலால் எழுதியிருந்தது. தாடைக்குக் கீழேயும் ஒரு வரி இருந்தது.

'இவள் நகரவே இல்லை.'

ஜெட் தலையைக் குனிந்துகொண்டாள். நல்லவேளை, எல்லாரும் மறுபடி மூக்குகளுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"இந்த ஒரு பக்கத்தைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று டீச்சர் கேட்டார்.

கேள்வி முடிந்துவிட்டது. ஜெட் இன்னும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கை வலிக்கிற வரைக்கும் டீச்சர்" என்றாள் கடைசியில். "அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம்."

அன்று சாயங்காலம் ஜெட் மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். யார் எந்த மூக்குக்குச் சண்டை போட்டார்கள், டீச்சர் எப்படிச் சிரித்தார், ஒன்றுவிடாமல் சொன்னாள். தவளை சிரிக்கச் சிரிக்கக் கட்டில் குலுங்கியது. கால் வலித்தது. வலித்தும் சிரித்தாள்.

"பல்லி நிஜமாவே நகருமாடி?" என்று ஜெட் கேட்டாள்.

"நகரும். ஆனா நீ பாத்ததே இல்லை."

ஜெட் ஒரு பாயை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்தாள். மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தாள். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

முன்னறையில் தையல் மெஷின் நின்றது. தவளையின் அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் வீட்டுக்குப் போகலையா? உங்க அண்ணன் எவ்வளவு நேரமா கூப்பிடறான்!"

"சத்தம் போடாதீங்க ஆன்ட்டி" என்றாள் ஜெட் மெதுவாக. "அது இப்போதான் வாலைத் தூக்குது."