வெந்நீரைக் கொட்டியது யார்?

ஜப்பானின் மொரியோகாவில் மழைக்காலம். பகல் மூன்று மணிக்குத் தொகுஸோவின் வார்ப்புப் பட்டறையில் ஒரு கெட்டில் காணாமல் போனது. பட்டறை முழுக்க இரும்புக் கெட்டில்தானே, ஒன்று போனால் என்ன என்று கேட்காதீர்கள். போனது அவருடைய கொள்ளுத்தாத்தா வார்த்தது. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பட்டறைக்கு எஜமான். மறுநாள் காலை அதைத் தலைமைத் தொழிலாளி குமகாயிடம் ஒப்படைப்பதாக இருந்தார் கிழவர்.

இன்ஸ்பெக்டர் ஓபாரா வருவதற்குள் குற்றவாளியே தயார். செண்டாயிலிருந்து வந்திருந்த பள்ளி ஆசிரியர் ஹிராயியை முற்றத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

"இவன்தான் சார்!" என்று குதித்தார் தொகுஸோ. "நானும் குமகாயும் உலைகிட்ட இரும்பு ஊத்திக்கிட்டு இருந்தோம். ஊத்த ஆரம்பிச்சா நடுவுல நகர முடியாது. வீட்டுக்குள்ள இவன் ஒருத்தன்தான்."

"சிகரெட் பிடிக்க வெளிய போனேன் சார். திரும்பி வந்தா அந்தக் கெட்டில் இருந்த மாடம் காலி. சத்தம் போட்டதே நான்தான்!" என்றார் ஹிராயி. "பேப்பர்ல பேரு வந்தா என் வேலை போயிடும்."

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"என் கெட்டில் துருப்பிடிச்சுப் போச்சு. சரி பண்ண."

ஓபாரா அதைத் திறந்து பார்த்தார். உள்ளே செக்கச்செவேல் என்று துரு.

"ராத்திரியெல்லாம் தண்ணிய உள்ளயே விட்டு வைப்பானாம்! அது என்ன மீன் தொட்டியா?" என்றார் தொகுஸோ. திருட்டைவிட அதுதான் அவருக்கு ஆறவில்லை.

கடைப்பக்கத்தைக் கவனிப்பது மகள் சிஸுரு. அவளிடம் திரும்பினார் ஓபாரா.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இவருக்கு டீ கொடுத்தேன். வீட்டுக் கெட்டில் நிறையத் தண்ணி ஊத்திக் கணப்புல வெச்சுட்டு, ரெண்டரைக்குத் தபாலாபீஸ் போனேன். வந்தப்போ இங்க ஒரே ரகளை."

"நடுவுல வரல?"

"இல்ல."

ஓபாரா விருந்தாளி அறைக்குள் போனார். மாடம் காலி. கணப்பில் தணலைச் சாம்பல் மூடியிருந்தது. அதன்மேல் வீட்டுக் கெட்டில். மூடி தனியாகப் பக்கத்தில் இருந்தது. கெட்டிலுக்குள் ஒரு சொட்டு இல்லை.

"திருட்டுக்கு அப்புறம் இதை யாராவது தொட்டீங்களா?"

யாரும் அந்தப் பக்கமே வரவில்லை.

"வாத்தியார் ஐயா, வெந்நீரை நீங்க கொட்டினீங்களா?"

"சூடா இருந்ததை எதுக்கு சார் கொட்டணும்?"

ஓபாரா சிரித்துவிட்டார். "உங்களை உங்க துருவே காப்பாத்திடுச்சு. நிறைய இருந்த தண்ணி அரை மணியில வத்தாது. மூடியும் தானா எறங்கி உக்காராது. தொகுஸோ ஐயா, விருந்தாளி எழுந்து போனா இந்த வீட்டுல என்ன செய்வீங்க?"

"உடனே கொட்டுவோம். சாம்பலை மூடி, அந்தச் சூட்டுல உள்ள காயவிடுவோம். எங்க வீட்டு ஆளுங்க யாரா இருந்தாலும்..." கிழவர் குனிந்து காலிக் கெட்டிலைப் பார்த்தார்.

"வீட்டு ஆளுங்க மூணு பேரு. ரெண்டு பேரு உலைகிட்ட."

ஓபாரா பட்டறைக்கு நடந்தார். தண்ணீரைக் கெட்டிலில் விட்டுப் போக மனம் வராதவர், கொள்ளுத்தாத்தா கெட்டிலை மழை ஈரத்தில் வைப்பாரா? உலைக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், அதன் சூட்டில் களிமண் அச்சுகள் காயும் பரண் இருந்தது. மூன்றாவது அச்சைத் திறந்தார். பருத்தித் துணியில் பத்திரமாகச் சுற்றி, அதற்குள் இருந்தது கெட்டில்.

"இவரை உள்ள தள்ளியிருப்போம். வாயத் திறந்தீங்களா நீங்க?" என்று சிஸுருவிடம் கேட்டார் ஓபாரா.

சிஸுரு ஹிராயியின் முன் மண்டியிட்டுத் தலை தரையில் படக் குனிந்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "களிமண் பிசையவாவது விடுங்கன்னு எத்தனை வருஷமாக் கேட்டேன்? உனக்கு அந்தக் கை வராதுன்னீங்க. திருட வந்த இடத்துல இவர் உக்காந்திருந்த மெத்தை காலியாக் கிடந்தது, ஆள் கிளம்பிட்டாருன்னு நெனச்சேன். கை தானா கொட்டிடுச்சு."

குமகாய் தலையைச் சொறிந்தான். "அந்த அவசரத்துல நானா இருந்தா மறந்திருப்பேன், எஜமான்."

தொகுஸோவின் முகம் சிவந்துவிட்டது, வெட்கத்தால். ஹிராயிக்கு முன் அவரும் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"புகார் எழுதணுமா?" என்றார் ஓபாரா.

"வேணாம்" என்றார் கிழவர்.

கொள்ளுத்தாத்தாவின் கெட்டில் மாடத்துக்குத் திரும்பியது. மறுநாள் அது யாருக்கும் போகவில்லை.

"அப்போ என் கெட்டில்?" என்று மெதுவாகக் கேட்டார் ஹிராயி.

தொகுஸோ அதை எடுத்தார். குமகாய் கையை நீட்டினான். கிழவர் அவனைத் தாண்டிப் போய் மகளிடம் கொடுத்தார்.

"இந்தத் துருவ நீ பாரு."