இருபதாவது பெயர்

ஒன்பதாம் எண்ணுக்குப் பதில் டிவிக்குள்ளிருந்து வந்தது.

"உள்ளேன் டீச்சர்."

சுஜா வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். ஒன்பதாம் எண் முருகம்மாள். அவள் ஜூன் மாதமே குடும்பத்தோடு அம்பர்நாத் போய்விட்டாள். அவளுக்காகத் தினமும் குரல் கொடுப்பது முன்பெஞ்ச் முத்துமாரி. கேமராவில் படாமல் குனிந்துகொண்டு, குரலைக் கீச்சென்று மாற்றிச் சொல்வாள். இன்று முத்துமாரி திறந்த வாயை மூடாமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கள்ளத்தனத்தைத் தொடங்கி வைத்தது சுஜாதான். மும்பை தாராவியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் பள்ளியின் ஆறாம் வகுப்பு, தமிழ் வழி. இருபது பிள்ளைகள் இருந்தால் வகுப்பு இருக்கும். ஒன்று குறைந்தாலும் மூடிவிட்டு, இருப்பவர்களை ஹிந்தி வகுப்பில் தள்ளிவிடுவார்கள். நிஜத்தில் உட்கார்ந்திருப்பது பதினான்கு பேர். பள்ளியை விட்டுப் போன ஐந்து பேரின் பெயரை அவள் அடிக்கவில்லை. அவர்கள் போன இடத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டதும் இல்லை. இருபதாவதாகத் தன் மகள் ஜெனிஷாவின் பெயரை எழுதிக்கொண்டாள். ஜெனிஷா படிப்பது செம்பூரில், இங்கிலீஷ் மீடியத்தில். வெறும் பெயர்தானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று அப்போது தோன்றியது.

வாரம் மூன்று நாள், மதியம் இரண்டரைக்கு வீடியோ கால் வகுப்பு. திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து வேல்ராஜ் சார் அறிவியல் நடத்துவார். அவருடைய வகுப்பறை, சுவரில் மாட்டிய பெரிய டிவியில் தெரியும். டிரஸ்டின் மாட்டுங்கா ஆபீஸிலிருந்து வானமாமலை என்பவர் தன் கேமராவை அணைத்துவிட்டு, திரையின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டமாக இருப்பார். இங்குள்ள கேமராவுக்கு முன்பெஞ்சுகள் மட்டும்தான் எட்டும் என்பதால் அவர் குரல்களைத்தான் எண்ணுவார். எண்ணி முடித்த பிறகே பாடம்.

வெளியே ஜூலை மழை தகரக் கூரைகளின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சந்தின் தோல் பட்டறை நாற்றமும் ஈரச் சீருடைகளின் புழுக்கமும் அறைக்குள் தேங்கியிருக்க, இரண்டரை மணிக்கே டியூப்லைட் போட வேண்டிய அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. டிவியில் தெரிந்த அறையிலும் வெளிச்சம் குறைவு. மேலே ஃபேன் சுற்றியது, பிள்ளைகள் எல்லோரும் குனிந்திருந்தார்கள், வேல்ராஜ் சாரைக் காணவில்லை. எப்போதும் காலியாகக் கிடக்கும் கடைசி பெஞ்சில் இன்று ஒரு சிறுமி இருந்தாள்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று சுஜா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டாம் எண்ணை வாசித்தாள். அவனும் போனவன்தான்.

"உள்ளேன் டீச்சர்."

அதுவும் டிவியிலிருந்து. கடைசி பெஞ்சில் இப்போது இரண்டு பேர்.

மேஜையில் போன் அதிர்ந்தது. வேல்ராஜ் சார்.

"டீச்சர், சொல்ல மறந்துட்டேன். காலைலருந்து இங்க கரண்ட் இல்ல. பிள்ளையள அனுப்பிட்டுப் பூட்டிட்டோம். இன்னைக்கு கிளாஸ் கிடையாது."

"சார், உங்க ரூம் டிவியில தெரியுதே."

"எங்க ரூமா? நான் வீட்டுலல்லா இருக்கேன்."

டிவிக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுஜா போனை மேஜையில் வைத்தாள்.

"ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க?" கறுப்புக் கட்டத்திலிருந்து வானமாமலையின் குரல். "இந்த மாச ஸ்ட்ரெங்த் இன்னைக்கு மேல அனுப்பணும். படிங்க."

படித்தாள். பயத்தைவிடப் பழக்கம் முந்திக்கொண்டது. பதினைந்து. உள்ளேன். பதினேழு. உள்ளேன். பதினெட்டு. உள்ளேன். இங்கே குரல் கொடுக்க வேண்டிய பிள்ளைகள் யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே கடைசி பெஞ்சில் ஐந்து பேர். நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

பத்தொன்பதாம் எண் நிஜப் பிள்ளை, அறையிலேயே இருந்து பதில் சொன்னது. அடுத்தது இருபது.

செம்பூர்ப் பள்ளி மழைக்காகப் பன்னிரண்டு மணிக்கே விட்டிருந்தது. சுஜா பக்கத்து வீட்டு சுலைகாவுக்குப் போன் போட்டாள்.

"ஜெனிஷா வந்துட்டாளா?"

"இன்னும் வரலக்கா. ஸ்கூல் பஸ் தண்ணியில நிக்குதாம். வந்துருவா."

சுஜா பதிவேட்டை மூடினாள். வகுப்பு போகட்டும், வேலை போகட்டும், எது போனாலும் போகட்டும். அந்தப் பெயரை இந்த அறையில் வாசிக்க மாட்டேன்.

"சார், பத்தொம்பதுதான். இருபதாவது இன்னைக்கு லீவு."

"ஒண்ணு குறைஞ்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது டீச்சர். உங்களுக்கே தெரியும்."

"பரவால்ல சார்."

முத்துமாரி எழுந்தாள். ஹிந்தி வகுப்பு என்றால் அவளுக்கு அழுகை வந்துவிடும். அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவள் அவள்.

"டீச்சர் மறந்துட்டாங்க சார்," என்றாள். சுஜா அவள் வாயைப் பொத்த ஓடுவதற்குள் சொல்லிவிட்டாள். "ஜெனிஷா."

மழைச் சத்தம்.

"உள்ளேன் மம்மி."

செம்பூர்ப் பள்ளிச் சீருடை. இடுப்புவரை சேறு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஜெனிஷா.

"ட்வென்டி. கரெக்ட்," என்றார் வானமாமலை. "எல்லாரையும் ம்யூட் பண்றேன். பாடம் ஆரம்பிக்கட்டும்."

டிவியில் சத்தம் நின்றது. ஜெனிஷா கையைத் தூக்கினாள். அவள் உதடுகள் அசைந்தன. வீட்டுக்குப் போகவா என்று கேட்கிறாள். சுஜா கத்தினாள். வா. வந்துரு. எந்திரிச்சு வா. தொண்டை கிழியக் கத்தினாள். பதினான்கு பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஜெனிஷா அம்மாவின் வாயையே கூர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

அந்த அறைக்குள் யாரோ வந்தார்கள். முகம் தெரியவில்லை. சேலைக் கரை மட்டும். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, உட்கார்ந்தார்கள்.

ஜெனிஷா கையை இறக்கினாள். பையிலிருந்து நோட்டை எடுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்து, எழுத ஆரம்பித்தாள்.