ஒரு சாண் இடுக்கு

கொத்தனார் சைக்கிளைச் சந்து முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். எதிரே ஆள் வந்தால் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டவேண்டிய சந்து அது.

"இதுக்குள்ளயாம்மா குடித்தனம் பண்றீங்க?"

தையல்காரி சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. முந்நூறு வருஷத்து வீடு. பலகை வைத்துத் தடுத்துத் தடுத்துப் பதினோரு குடும்பம். அவள் அறையில் பட்டப்பகலிலும் விளக்கு எரியவேண்டும். ஈரத்துணியும் பூஞ்சையும் கலந்த வாடை போகவே போகாது. மூச்சிழுப்பு வந்ததிலிருந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். புராதனக் கட்டடம், ஜன்னல் வைக்கக்கூடாது என்று நகராட்சி கைவிரித்துவிட்டது. அதனால்தான் யாருக்கும் தெரியாமல் உள்ளங்கை அளவுக்கு ஒரு துளை.

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

"ஒரு சாண் இடுக்கு. பூனைகூடப் போகாது."

உளியில் நாலு அடி விழுந்தது. கொத்தனார் கையை நிறுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை.

டொக். டொக். அந்தப் பக்கத்திலிருந்து.

"எதிரொலியா இருக்கும்," என்றாள்.

"நான் நிறுத்தினா அதுவும் நிக்கணுமேம்மா," என்று கிசுகிசுத்தார்.

ஒரு செங்கல் தானாகவே பெயர்ந்து உள்ளே விழுந்தது. குளிர்ந்த காற்று அவள் முகத்தில் அடித்தது. எத்தனையோ மாதம் கழித்து நெஞ்சு நிறைய மூச்சு. தன்னை அறியாமல் துளைக்குப் பக்கத்தில் போனாள்.

துளைக்குள்ளிருந்து ஒரு குரல், அத்தனை பரிவாக:

"பயப்படாதீங்கம்மா. மூச்சு வருதுல்ல? எல்லாரையும் வெளிய எடுத்துடறோம்."

கொத்தனார் உளியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். அவள் துளையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"எவ்வளவு காலமா உள்ள மாட்டியிருக்கீங்க?"

"ஒன்பது வருஷமா," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பக்கம் யாரோ விம்மினார்கள். பிறகு பத்து உளி, இருபது உளி, வெறிபிடித்தது போல் விழ ஆரம்பித்தன.

வேலை முடிந்து வந்த புருஷன் துளையைச் சிமெண்ட் வைத்து அடைத்தான். விளக்கு வைப்பதற்குள் இருவரும் ஊருக்கு வெளியே அக்கா கட்டியிருந்த புதுவீட்டுக்குப் போய்விட்டார்கள். சுற்றிலும் வெட்டவெளி, அறைக்கு நாலு ஜன்னல். அன்றைக்கு அவள் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.

காலையில் அக்கா துடைப்பத்தோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி, கூப்பிடு தூரத்துக்கு ஒரு வீடு கிடையாது. விடிஞ்சதுலேர்ந்து நம்ம சுவரை யாருடி வெளியேருந்து இடிக்கிறது?"