பீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே

பீட்டரின் பக்கத்துக்கு அடுத்தது வீடு. எப்போதும் அப்படித்தான். ஆரம்பாக்கத்துப் பீட்டர் தன் இணையதளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பச்சைப் பட்டையில் 'அடுத்தது' என்ற இடத்தை அமுக்கினால், கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அர்ஷத் கட்டிய 'வீடு' என்ற முகப்புப் பக்கத்தை மேலிருந்து கீழாக நீல நிறத்தில் இறக்கும். அன்றைக்குப் பிற்பகல் நசீரா அமுக்கியபோது நீலம் இறங்கவில்லை. கறுப்பு இறங்கியது. எழுத்து இல்லை, படம் இல்லை, யாருடைய தளம் என்ற பெயர்கூட இல்லை. அடியில் மட்டும் அதே பச்சைப் பட்டை. அதில் மறுபடி 'அடுத்தது' அமுக்கினாள். வீடு வந்தது.

நசீராவுக்கு ஆச்சரியம்கூட வரவில்லை. கணவன் அர்ஷத் இறந்ததிலிருந்து அவளுக்கு எதுவுமே வருவதில்லை. அன்று காலையில்தான் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை வலது கையில் கொட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நாத்தனார் ஜபீன் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“அண்ணி! இன்னாது இது? கையில டீய ஊத்திக்கினு சும்மா நிக்கிறீங்க? எரியலியா?”

“எரியுதா?” என்று நசீரா திருப்பிக் கேட்டாள். கொப்புளம் எழும்பிய பிறகும் அது வேறு யாருடைய கையோ போலத்தான் இருந்தது.

அர்ஷத் சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் எலெக்ட்ரீஷியன். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் அவன் ஒருவன்தான் மில் வேலைக்கு வந்தவன். மில்லை விட்டால் அரசப்பன், அரசப்பனை விட்டால் கம்ப்யூட்டர். நாலைந்து படங்களுக்கு இசையமைத்துவிட்டு ஓசைப்படாமல் போய்ச் சேர்ந்த அந்த அரசப்பனுக்கு ஊர் உலகமெல்லாம் பைத்தியங்கள் இருக்கின்றன என்பதே நசீராவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். கிள்ளானில் ஒருவர், துபாயில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர். ஆளுக்கொரு தளம். தேடினால் ஒன்றும் அகப்படாது. அதற்காகத்தான் அர்ஷத் அந்தத் தளங்களை ஒன்றோடொன்று கோத்து வளையம் போட்டான்.

“ஒரு தெருன்னு வெச்சிக்கோ நசீரா,” என்று ஒருநாள் நாஷ்டா தட்டும் கையுமாக விளக்கினான். “ஒவ்வொரு ஊட்டு பின்கதவும் அடுத்த ஊட்டு வாசல்ல தொறக்குது. எந்த ஊட்டுல பூந்தாலும் சரி, நடந்துகினே இருந்தா கடசியில நம்ப ஊட்டுக்கே வந்துடலாம்.”

சேர விரும்புகிறவர் வளையத்தின் தலைமைப் பக்கத்தில் தன் தளத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் நாலு வரி நிரல் வரும். அதைத் தன் பக்கத்தின் அடியில் ஒட்டினால் பச்சைப் பட்டை தோன்றும். அதோடு கதவு திறந்துவிடாது. வளையத்தை நடத்துகிறவர் தானே போய் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பட்டை சரியாக இருக்கிறதா, உள்ளே இருப்பது பாட்டு விஷயம்தானா என்று பார்த்துவிட்டு 'சேர்த்துக்கொள்' என்று அமுக்கினால்தான் உண்டு. புதிதாக வருகிறவருக்கு வளையத்தின் கடைசி இடம். கடைசி இடம் என்றால் அர்ஷத்தின் வாசலுக்கு நேர் முன்னால். அதனால்தான் மற்ற எல்லாவற்றிலும் இளகின மனசுக்காரனான அவன் இதில் மட்டும் கறாராக இருந்தான்.

“பாக்காம எவனையும் சேத்துடாத. ஒரு தபா சேத்துட்டா அப்பறம் அவன் நமக்குப் பக்கத்து ஊடு.”

மில்லில் உருகிய இரும்புக் கொப்பரை சாய்ந்த அன்று அவன் அதற்கு நேர் கீழே நின்றிருந்தான். வீட்டுக்கு வந்தது ஆணியடித்த பெட்டி. திறக்க வேண்டாம் என்றார்கள். பெரியவர்களும் வேண்டாம் என்றார்கள். கடைசியாக முகம் பார்க்காமலே அடக்கம் நடந்தது. நசீரா இத்தா உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் முன்னால் வரக்கூடாது. உட்கார்ந்தாள், ஆனால் அழவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் அழுகை வந்திருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

பிற்பகலில் வளையத்தை ஒரு சுற்று சுற்றி வருவது ஒன்றுதான் அவள் மனசறிந்து செய்த வேலை. அது அறுந்துபோனால் அர்ஷத் என்ற பெயர் ஓரிடத்திலும் மிஞ்சாது. அப்படிச் சுற்றிய ஒருநாள்தான், கறுப்பு இறங்குவதற்கு முன்னால், ஒரு விண்ணப்பம் காத்திருந்தது. பெயர் போடாத விண்ணப்பம். அவள் போய்ப் பார்க்கவில்லை. 'சேர்த்துக்கொள்' என்று அமுக்கிவிட்டு அசர் தொழுகைக்கு எழுந்து போனாள்.

கறுப்புப் பக்கம் வந்த மறுநாள், அதில் சத்தம் இருந்தது. மேசைமேல் இருந்த சின்ன ஸ்பீக்கர்களிலிருந்து முதலில் காலி கேசட் ஓடுகிற இரைச்சல் மாதிரி ஒன்று, அதற்குப் பின்னால் பெரிய அடுப்பு ஒன்று மூச்சுவிடுவது போன்ற உறுமல், அதற்கும் பின்னால் மில் சைரன் ஏறி ஏறி இறங்க, இவை எல்லாவற்றுக்கும் நடுவே மெல்லிசாக, இழை பிசகாமல், ஒரு சீட்டி. அரசப்பனின் ஒரு பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் புல்லாங்குழல் துண்டு. அர்ஷத் வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போது தினமும் அடித்துக்கொண்டு வருகிற சீட்டி. அதைக் கேட்டதும் நசீரா அடுப்பில் தேநீர் வைப்பாள். இப்போதும் எழுந்து போய் வைத்தாள். கொதித்து வற்றும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கடுத்த நாள் சைரன் இல்லை. ரயில்வே கேட்டில் அடிக்கும் மணி, மின்சார ரயில் கடந்துபோகும் தடதடப்பு, அப்புறம் சீட்டி. அதற்கும் அடுத்து பஜார் சத்தம், ஆந்திரா பஸ்ஸின் ஹாரன், பள்ளிவாசல் பாங்கு, சீட்டி. யாரோ மில்லிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவசரமே இல்லாமல், ஒரு நாளைக்குக் கொஞ்ச தூரமாக.

பீட்டர் வந்தான். மில்லில் அர்ஷத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தவன். வளையத்தில் அர்ஷத் தன் கையால் கடைசியாகச் சேர்த்ததும் அவனைத்தான். வாசலிலேயே நின்றான். ஜபீன் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, நசீரா உள்திரைக்குப் பின்னால் நின்றாள்.

“அண்ணி, என் சைட்டுக்கு அடுத்து அண்ணனோட சைட்டுதான வரணும்? நடுவுல ஒண்ணு பூந்துகினு கீதே. யாரு சேத்தது?”

“நான்தான்,” என்றாள் நசீரா.

திரைக்கு அந்தப் பக்கம் பீட்டர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

“அந்த சைரன நான் கேட்டேன் அண்ணி. அன்னிக்கு அடிச்ச சைரன். நான் அங்கதான் இருந்தேன், எனக்குத் தெரியாதா? அத்தத் தூக்கிடுங்க அண்ணி. உங்க கையிலதான் கீது.”

“அது அவங்க சீட்டி, பீட்டரு.”

“அண்ணனுது இல்ல,” என்றான் பீட்டர். “நல்லா கவனிச்சு கேளுங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

அவன் போன பிறகு ஜபீன், “இன்னா அண்ணி சொல்றாரு அவரு? இன்னா பேஜாரு இது?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் நசீரா. நீக்குவதற்கு ஒரு தட்டு போதும், அவளுக்குத் தெரியும். நீக்கவில்லை. சீட்டி வருகிறதென்றால், பின்னாலேயே முகமும் வரும். வாசலுக்கு வந்துவிட்டால் பார்த்துவிடலாம். பார்த்தால் அழுதுவிடலாம்.

மறுநாள் ஸ்பீக்கரில் அவர்கள் தெருவே வந்தது. அடிபம்பின் கிறீச்சு. எதிர்வீட்டு ஜானகியம்மாள் கோழியைக் கூண்டுக்குக் கூப்பிடும் குரல். நசீரா ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டாள். சூடான இரும்பின் வாடையும் துணி பொசுங்கும் வாடையும் லேசாக அடித்தன. சீட்டி இப்போது வெகு பக்கத்தில். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. புல்லாங்குழல் துண்டு முடிந்த இடத்திலேயே திரும்பத் தொடங்கியது. அர்ஷத் அந்தத் துண்டின் நடுவில் ஒரு தடவை நிறுத்துவான். அங்கே மூச்சு வாங்காமல் அவனால் முடிக்கவே முடியாது. அவள் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

இன்னொரு சுற்று. வரவில்லை. இது எங்கேயும் நிற்கவில்லை. இது மூச்சே வாங்கவில்லை.

இத்தனை நாளில் முதல்முறையாக நசீராவுக்குள் ஏதோ அசைந்தது. பயம். நிறுத்த வேண்டும் என்று தோன்றுவதற்குள் இணையத்துக்கான தொலைபேசி இணைப்பு அறுந்துபோனது. அன்று மாலை முழுக்க அது கிடைக்கவில்லை.

அடுத்த நாள் ஜபீன் பஜாருக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். வெயில் கொளுத்தியது. மின்விசிறி தலைக்குமேல் டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அர்ஷத் சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே விட்டுப்போன மின்விசிறி. மோடம் கத்தி அடங்கியது. நேராக நிர்வாகப் பக்கத்துக்குப் போனாள். 'நீக்கு'. அதை அமுக்கத்தான் வந்திருந்தாள்.

நீக்குவதற்கு ஒன்றும் இல்லை.

வளையத்தில் அந்தத் தளம் இல்லை. பீட்டருக்கு அடுத்தது வீடு, பழையபடி. நம்பிக்கையில்லாமல் பீட்டரின் பக்கத்துக்குப் போய் 'அடுத்தது' அமுக்கினாள். நீலம் இறங்கியது. அர்ஷத்தின் நீலம். போய்விட்டது. நசீரா கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

ஸ்பீக்கரில் டக் என்றது.

அர்ஷத்தின் பக்கத்தில் எந்தக் காலத்திலும் சத்தம் கிடையாது. டக். டக். மின்விசிறி. அவள் தலைக்குமேல் ஒன்று, ஸ்பீக்கருக்குள் ஒன்று. மவுஸை நகர்த்தினாள். மேசையில் அது உரசும் சத்தம் ஸ்பீக்கரிலும் கேட்டது. மூச்சை இழுத்தாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

அது வளையத்தை விட்டுப் போகவில்லை. கடைசி வாசலைத் தாண்டிவிட்டது.

அப்புறம் சீட்டி.

கரண்ட் போனது. பிற்பகல் மின்தடை, வழக்கமானதுதான். திரை அவிந்தது. மின்விசிறி இரண்டு சுற்று தளர்ந்து சுற்றி நின்றது. ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு அணைந்தது. தெருவே அடங்கியது.

சீட்டி அடங்கவில்லை.

பின்னால். நாற்காலிக்கு நேர் பின்னால்.

வாசலுக்கு ஓடலாம். பத்தடிகூட இல்லை. ஆனால் உள்திரையோடு நின்று பழகிவிட்ட கால் எழவில்லை. பொசுங்கும் வாடை அறையை நிரப்பியது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அவிந்த திரையின் கறுப்புக் கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம். அதில் அவள் முகம். தோளுக்குப் பின்னால் ஒரு காக்கிச் சட்டை. மில் சட்டை. பாக்கெட்டில் அவன் எப்போதும் செருகி வைக்கும் டெஸ்டர்.

முகம். ஒரே ஒரு தடவை.

மெதுவாகக் கண்ணை உயர்த்தினாள். பாக்கெட். பொத்தான். காலர்.

காலருக்குமேல் ஒன்றும் இல்லை. ஜன்னல்தான் தெரிந்தது. சீட்டி அங்கிருந்துதான் வந்தது.

மவுஸின் மேலிருந்த அவள் வலது கையை இன்னொரு கை வந்து மூடிக்கொண்டது, ஆசையாக, அவன் மூடுகிற மாதிரியே. உஸ் என்று ஒரு சத்தம். அவள் விரல்களுக்கு அடியிலிருந்து மெல்லப் புகை எழும்பியது. நசீரா குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எரியவில்லை.