பிரசங்கத்தில் சொன்ன கதை

விடிந்ததிலிருந்து போதகர் குடியிருக்கும் குருமனையில் பாத்திரம் உருட்டும் சத்தம்தான். மத்தியானத்துக்குள் புதுப் போதகரின் லாரி வந்துவிடும். அதற்குள் வீட்டை ஒழித்து, பெருக்கி, சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். மெதடிஸ்ட் போதகருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இது புதிதா என்ன? சபை மாநாடு மாற்றல் போட்டுக் கை காட்டிய ஊருக்கெல்லாம் மூட்டை கட்டியவள்தான். இந்த முறை ஒரே வித்தியாசம், போதகருக்கு ஓய்வு. அடுத்த ஊர் என்று ஒன்று கிடையாது.

போதகர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். கை நடுக்கம் வந்ததிலிருந்து சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். ஊருக்கு நல்லவர். அதில் பொய்யில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய் நிற்பார். மில் மூடிக் கிடந்தபோது தொழிலாளர் குடும்பங்களுக்கெல்லாம் இவர் வீட்டு அடுப்பில்தான் உலை கொதித்தது. உலை வைத்தது யார் என்று மட்டும் எவரும் கேட்டதில்லை.

மகன் வாசலிலேயே நின்றான்.

"வேன் வந்திருச்சுப்பா. உங்க புஸ்தகமெல்லாம் ஏத்தியாச்சு. கிளம்பலாம்."

"அம்மா சாமானெல்லாம் இன்னும் உள்ளதான் இருக்கு," என்றார் போதகர்.

"அது தனியா வரட்டும். அவங்களுக்குச் சபையோட முதியோர் இல்லத்துல இடம் சொல்லியிருக்கேன். போற வழியில இறக்கிவிட்டுட்டு நாம வீட்டுக்குப் போயிரலாம்."

அவள் துடைத்துக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். சின்ன வயதில் 'வா, போ' என்று முந்தானையைப் பிடித்து இழுத்தவன், தங்கை இறந்துபோன பிறகு 'வாங்க, போங்க' என்று மாறினான். என்ன மரியாதையான பிள்ளை என்று சபையார் மெச்சினார்கள். அது மரியாதையா, கதவடைப்பா என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

"நான் என்னப்பா பண்ணினேன்?" என்றாள்.

"நேத்துப் பிரிவு உபசாரத்துல அப்பா சொன்னாரே... முன்னாடி பெஞ்சுல உக்காந்து கேட்டீங்கல்ல?"

கேட்டாள். எத்தனையாவது தடவையோ கேட்டாள். மாற்றலாகிப் போன ஒவ்வொரு ஊரிலும் அவருடைய முதல் பிரசங்கத்தில் அந்தக் கதை வரும். நாதியற்ற ஒரு கூலிக்காரருக்கு அவர் அடக்க ஆராதனை நடத்திக்கொண்டிருந்த நேரம், வீட்டில் சின்ன மகளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு கண்டுவிட்டது. "ஊழியத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று என் மனைவி எனக்கு ஆள்கூட அனுப்பவில்லை. நான் திரும்பி வந்தபோது என் குழந்தை கண்ணை மூடியிருந்தாள்," என்பார் குரல் உடைந்து. பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். எப்பேர்ப்பட்ட தியாகி! அவள் தலை குனிந்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பையனை யாரும் பார்க்கவில்லை.

"என் மகளுக்கு மூணு வயசுப்பா," என்றான் மகன் அப்பாவிடம். "அடிக்கடி காய்ச்சல் வருது. பெத்த பிள்ளை துடிக்கறப்போ கையைக் கட்டிக்கிட்டு இருந்தவங்ககிட்ட எப்படி அவளை விட்டுட்டு நாங்க வேலைக்குப் போறது?"

அவள் சுவரோரம் கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

போதகர் மேசையை ஊன்றி எழுந்தார்.

"அவ ஆள் அனுப்பினாப்பா."

"ஏங்க... வேண்டாங்க," என்றாள் அவள் பதறி.

"இல்ல, சொல்லிர்றேன். கோயில் காவல்காரன் என் காதுல வந்து சொன்னான். பிள்ளைக்கு வலிப்பு வந்திருச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னு. ஜீப் சாவி என் பாக்கெட்டுல கிடந்துச்சு... அங்கிக்கு உள்ள. அங்கியப் போட்டுட்டா கடைசி ஆசீர்வாதம் சொல்றவரைக்கும் எதுக்காகவும் ஆராதனைய விட்டு நகரக்கூடாதுன்னு நானா வச்சுக்கிட்ட சட்டம். சாவியையாவது அவன்கிட்ட எடுத்துக் குடுத்திருக்கலாம். எல்லாரும் பாக்குறாங்களேன்னு... காய்ச்சல்தானே, ஜெபம் பண்ணிக்கலாம்னு நின்னுட்டேன்."

மகன் வாசலை விட்டு உள்ளே வந்தான்.

"அன்னைக்கு நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பாவ ஏன் கூப்பிடலைன்னு கேட்ட. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள, நான்தான் ஆள் அனுப்பலைன்னு இவ முந்திக்கிட்டா. நானும் பேசாம இருந்துட்டேன். அப்புறம் சொல்லச் சொல்ல எனக்கே அதுதான் நடந்த மாதிரி ஆயிருச்சு..."

மகன் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். மடியில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக்கூடாதாம்மா நீ?"

நீ! எத்தனை வருஷமாகிவிட்டது. அவள் அவன் தலையைக் கோதினாள். அங்கங்கே நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"உனக்கு அப்பான்னா உசுருடா. ஒரே நாள்ல தங்கச்சியும் போய் அப்பாவும் போகணுமான்னு இருந்துச்சு. அம்மாகிட்ட பிள்ளை எப்படியும் வந்துரும்னு நினைச்சுட்டேன்..."

அழுது ஓய்ந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அப்பா பக்கம் அவன் முகம் திரும்பவில்லை.

"நீ வாம்மா. நம்ம வீட்டுக்குப் போலாம். இல்லத்துல சொல்லிவச்ச இடத்துல அவரு இருந்துக்கட்டும்."

எதைத் தடுக்க இத்தனை காலம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாளோ, அது கண் முன்னால் நடந்துவிட்டது. வந்த பிள்ளை வந்த கையோடு தகப்பனை விட்டுவிட்டான். அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்த கோபமெல்லாம் கணவர்மேல் திரும்பியது.

"பாவி மனுஷா, ஒரு ஊர்ல சொன்னாப் போதாதா? ஊர் ஊராவா சொல்லிக்கிட்டுத் திரியணும்?"

போதகர் மேசையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"அப்பாவயும் கூட்டிட்டுப் போலாம்டா. வயசான மனுஷன்..."

"முடியாதும்மா. அவரு முகத்த என்னால பாக்க முடியல."

அவனைக் கெஞ்சிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பிடித்தால் பிடித்த பிடி. அந்த விஷயத்தில் அச்சு அசல் அவள் பிள்ளை. மகன் வீடு, பேத்தி, சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்பது என்று எத்தனையோ ராத்திரி படுக்கையில் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

"சரி. அந்த இல்லத்துக்குப் போன் பண்ணிக் கேளு. ரெண்டு பேருக்கு இடம் இருக்குமான்னு."

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? இவரு உனக்குப் பண்ணினதுக்கு..."

"அவர் பண்ணினதை நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட இன்னொருத்திய நான் எங்க போய்த் தேடுறது?"

இல்லத்து வாசலில் வேன் நின்றபோது வெயில் ஏறியிருந்தது. மகன் சுற்றி வந்து கதவைத் திறந்து, "பாத்தும்மா, படி உயரம்," என்று இரண்டு கையாலும் தாங்கி அவளை இறக்கிவிட்டான். இறக்கியவன் அப்படியே போய்ச் சாமான்களை எடுக்கத் தொடங்கினான். உள்ளே போதகர் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடுங்கும் காலைப் படியில் வைக்க முடியாமல் நின்றார். மகன் பார்த்தான். பார்த்துவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அவள் திரும்பி வந்து கையை நீட்டினாள்.